வழுவும் வழக்கும்: புணே நகர் காட்டும் பாடம்

தமிழன்பர் இருவர் ஓரிடத்தில் கூடினால், மூன்றாமவருடைய தமிழைப் பற்றிக் குறை கூறாமல் அவர்கள் பிரிவது அரிது. இளையோர் ழகரத்தை விழுங்குகின்றனர். ஒருமை பன்மை மயங்குகின்றனர். வாக்கியத்தின் நடுவே ‘பட்’ என்றும் ‘சோ’ என்றும் ‘ஆக்சுவலி’ என்றும் பெய்கின்றனர். புணேயில் வளரும் நம் பிள்ளைகளோ, சலிப்பாக இருந்தால் ‘கண்டாளா வருகிறது’ என்பர். குழப்பம் நேர்ந்தால் ‘ஒரே கோந்தள்’ என்பர். ஆங்கிலம் நன்கு கற்ற முதியோர்க்கு வேறொரு வருத்தம். ‘கசின் பிரதர்’ என்று கேட்டாலும், ‘பிரிபோன்’ என்று படித்தாலும், ஒரே ஒருவரைச் சுட்டுவதற்கு ‘தே’ என்று எழுதக் கண்டாலும் அவர்கள் முகம் சுளிக்கின்றனர்.

இவ்வருத்தங்கள் பொய்யானவை அல்ல. மொழியின்மேல் அன்பு இல்லாதவர்க்கு அதன் வழுக்களால் துன்பமும் இல்லை. ஆயினும் எந்த வழுவைத் திருத்த வேண்டும், எதனைப் பொறுக்க வேண்டும், எவ்வாறு திருத்த வேண்டும் என்பன ஆராயத்தக்கவை. இந்த ஆராய்ச்சிக்கு நாம் வாழும் புணே நகரைவிடப் பொருத்தமான இடம் வேறொன்று கிடைப்பது அரிது. இங்கே சொற்களைப் பற்றிய வழக்கு நெடுங்காலமாக நடந்து வருகிறது. அதன் தொடக்கத்தில் தஞ்சைக்கும் ஒரு பங்கு உண்டு.

பசுவும் அதன் திரிபுகளும்

கிறிஸ்துவுக்கு முன் இரண்டாம் நூற்றாண்டினர் எனக் கருதப்படும் பதஞ்சலி, வடமொழி இலக்கணப் பேருரையாகிய மகாபாஷ்யத்தின் தொடக்கத்திலேயே இச்சிக்கலை எடுத்துக்கொண்டார். செம்மையான சொல் ஒன்று. அதன் சிதைவுகளோ பல. பசுவைக் குறிக்கும் ‘கௌ’ என்பது செம்மையான சொல். ‘காவீ’, ‘கோணீ’, ‘கோதா’, ‘கோபோதலிகா’ என்பன அதன் சிதைவுகள் என்று அவர் எடுத்துக்காட்டினார். செம்மொழியாலும் சிதைமொழியாலும் பொருள் ஒரு படித்தாகவே விளங்கும் என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. அறம் வேண்டுவோர் செம்மொழியையே பேசுக என்பது அவர் முடிபு.

இம்மகாபாஷ்யத்தை 1880 முதல் 1885 வரை மூன்று தொகுதிகளாகத் திருத்தமுறப் பதிப்பித்தவர் கீல்ஹார்ன் என்னும் செர்மானியப் பேரறிஞர். 1866இல் நம் டெக்கான் கல்லூரிக்கு வடமொழிப் பேராசிரியராக வந்தவர். அவர் காலத்திலேயே, 1877இல், இராமகிருஷ்ண கோபால் பண்டார்கர் தம் வில்சன் சொற்பொழிவுகளில், வடமொழிச் சொற்கள் பிராகிருதத்தில் திரிந்து, அத்திரிபுகளிலிருந்து மராத்தி முதலிய மொழிகள் உருவான வரலாற்றைப் படிப்படியாக விளக்கினார். பதஞ்சலி சிதைவு என்று ஒதுக்கிய ‘காவீ’யின் வழிவந்ததே இன்றைய மராத்தியில் பசுவைக் குறிக்கும் ‘காய்’ என்னும் சொல். ஞானேசுவரர், துக்காராம் முதலியோரின் தெய்வப் பாடல்களைத் தாங்கி நிற்கும் மொழி, ஒரு காலத்து இலக்கணியர் சிதைவென்று இகழ்ந்த சொற்களால் ஆயது. இவ்வுண்மையை மனத்தில் இருத்திக்கொண்டு மேலே செல்வோம்.

இராயகடத்துச் சொற்கோவை

1674இல் இராயகடத்தில் முடிசூடிய சிவாஜி மன்னர், அரசியல் வழக்கில் நிறைந்திருந்த பாரசீக, அரபுச் சொற்களுக்கு ஈடாக வடசொற்களைத் தொகுக்கப் பணித்தார். 1677ஐ ஒட்டி உருவான ‘ராஜ்ய வியவகார கோசம்’ என்னும் அந்நூலில் ஏறக்குறைய 1,380 சொற்கள் இடம்பெற்றன. இப்பணியோடு இணைத்துப் போற்றப்படுபவர் இரகுநாத பண்டித ஹணமந்தே. இவர், தஞ்சையில் மராத்திய அரசை நிறுவிய ஏகோஜியிடம் முதலில் அமைச்சராக இருந்து, பின்னர் சிவாஜியை அடைந்து, 1677ஆம் ஆண்டுத் தென்னாட்டுப் படையெடுப்புக்குத் துணைநின்றவர். எனவே தமிழ்நாட்டின் காற்றையும் சொல்லையும் அறிந்த ஒருவரே மராத்தியரின் முதல் ஆட்சிச்சொல் அகராதியோடு தொடர்புடையவர் என்பது நமக்கு உவகை தருவதாகும்.

அம்முயற்சி பெற்ற பயன் யாது? அமைச்சர் எண்மரின் பாரசீகப் பெயர்கள் மாற்றப்பட்டன. ‘சர்நௌபத்’ என்பவர் ‘சேனாபதி’ ஆனார்; ‘சுர்நீஸ்’ என்பவர் ‘சசிவ்’ ஆனார்; ‘பேஷ்வா’ என்பவர் ‘முக்கிய பிரதான்’ ஆனார். இவற்றுள் முதலிரண்டும் நிலைத்தன. அரசுச் செயலாளரை மராத்தியில் இன்றும் சசிவ் என்றே குறிக்கின்றனர். முள்ஷி அறப்போர் நடத்திய பாபட் அவர்களைச் சேனாபதி என்றே மக்கள் அழைத்தனர். நம்மில் பலர் நாள்தோறும் செல்லும் சேனாபதி பாபட் சாலை அதற்குச் சான்று.

மூன்றாவது சொல்லின் கதை வேறு. பேஷ்வாக்களின் முத்திரைகள் ‘முக்கிய பிரதான்’ என்றே பொறித்தன. ஆயினும் மக்கள் வாயிலிருந்து பேஷ்வா என்னும் பாரசீகச் சொல்லை எவராலும் பெயர்க்க முடியவில்லை. 1732இல் சனிவார் வாடா மாளிகை எழுந்தபின், புணே நகரமே பேஷ்வாக்களின் நகரம் என்று பெயர் பெற்றது. எழுதுபவர் எனப் பொருள்படும் ‘நவீஸ்’ என்னும் பாரசீகச் சொல்லோ, பட்ணீஸ், சிட்ணீஸ், சப்ணீஸ் என்று குடும்பப் பெயர்களில் புகுந்து குடியேறிவிட்டது. அகராதியால் அரசாணையை மாற்ற முடிந்தது. மக்கள் நாவில் ஊறிய பெயரை மாற்ற முடியவில்லை.

இதன் மறுபக்கத்தைத் தமிழ்நாட்டில் காணலாம். மராத்தியர், நவாபுகள் முதலியோரின் ஆட்சிகளால் கிஸ்தி, ஜப்தி, வசூல், தாசில் என எத்தனையோ சொற்கள் தமிழிற் புகுந்தன. அவற்றுள் ‘கச்சேரி’ என்பதன் பயணம் விந்தையானது. மராத்தியில் கச்சேரி என்றால் அலுவலகம்; தமிழிலும் ஒரு காலத்தில் தாலுகா கச்சேரி என்று அப்பொருளிலேயே வழங்கியது. இன்று நமக்கோ கச்சேரி என்றால் மிருதங்கமும் வயலினும் வாய்ப்பாட்டுமே நினைவுக்கு வரும். ‘சங்கத்தில் மாலை கச்சேரி’ என்று நாம் அழைத்தால், புணே நண்பர் ஏதோ அலுவல் என்றெண்ணக் கூடும். இதனைச் சொற்பிழை என்று ஒதுக்கின், சங்கீத வித்துவான்கள் அனைவரும் நம்மோடு வழக்காட வருவர்!

நிபந்தமாலையின் சாட்டை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இவ்வழக்குப் புதிய உருவம் பெற்றது. 1874இல் விஷ்ணுசாஸ்திரி சிப்ளூண்கர் புணேயில் ‘நிபந்தமாலை’ என்னும் திங்களிதழைத் தொடங்கினார். ஏழாண்டுகளில் 84 இதழ்கள் வந்தன. ஆங்கிலத்தின் சாயலில் எழுதப்பட்ட போலி மராத்தியையும், பாதிரிமார் மொழிபெயர்ப்பு நடையையும், பாடநூல்களின் உயிரற்ற நடையையும் அவர் எள்ளி நகையாடினார். மராத்தி உரைநடைக்கு மிடுக்கும் தன்மானமும் ஊட்டியவர் அவர் என்பதில் ஐயமில்லை. அவரே 1880இல் திலகர் முதலிய நண்பர்களுடன் சேர்ந்து புணேயில் ‘நியூ இங்கிலிஷ் ஸ்கூல்’ நிறுவினார் என்பதும் கருதத்தக்கது. பிறமொழியைக் கற்பது வேறு, தாய்மொழியைப் பிறமொழியின் நிழலாக்குவது வேறு என்பதை அவர் நன்கு அறிந்திருந்தார். 1882இல், முப்பத்திரண்டு வயதும் நிறையாமல் அவர் மறைந்தார்.

எனினும் அவர் கையிலிருந்த சாட்டை தவறான முதுகிலும் விழுந்தது. 1848இல் இதே நகரில் பெண்களுக்குப் பள்ளி தொடங்கியவர் சோதிராவ் புலே. 1873இல் சத்தியசோதக் சமாஜத்தை நிறுவி, அதே ஆண்டில் ‘குலாம்கிரி’ நூலை வெளியிட்டவர். உழவரும் தொழிலாளரும் பேசிய மொழியின் வன்மையும் வேகமும் அவர் எழுத்தில் இருந்தன. சிப்ளூண்கரோ அவர் கூறிய கருத்துகளோடு அவருடைய இலக்கணப் பிழைகளையும் எடுத்துக்கொண்டு ஏளனம் செய்தார். கல்வி மறுக்கப்பட்ட மக்களுக்காகப் பேசிய ஒருவரை, உன் வேற்றுமை உருபு பிழை என்று சொல்லி வாயடைக்க முயல்வது எத்தகைய நீதி? சொல்லின் குறையைக் காட்டிப் பொருளின் நிறையை மறைக்கும் வழக்கம் எல்லா நாட்டிலும் உண்டு. அதன் கொடுமையை இந்நிகழ்ச்சி நமக்குக் காட்டுகிறது.

1885இல் புணேயில் நடந்த மராத்தி நூலாசிரியர் மாநாட்டுக்கு அழைப்பு வந்தபோது புலே அதனை ஏற்கவில்லை. தம் மக்களின் துயரை உணராதோர் கூடும் அவையில் தமக்கு என்ன வேலை என்னும் கருத்தமைய மறுமொழி விடுத்தார். காலம் தீர்ப்புச் சொல்லிற்று. பிழை மலிந்தவை எனப்பட்ட அவர் எழுத்துகளை மகாராட்டிர அரசே தொகுத்து வெளியிட்டது. அவர் துணைவியார் சாவித்திரிபாயின் பெயரைப் புணேப் பல்கலைக்கழகம் 2014இல் தாங்கிக்கொண்டது.

தூய்மை இயக்கங்கள்

இருபதாம் நூற்றாண்டில் மராத்தியிலும் தமிழிலும் தூய்மை இயக்கங்கள் எழுந்தன. தமிழ்நாட்டில் 1916இல் வேதாசலனார் தனித்தமிழ் இயக்கம் கண்டு, தம் பெயரையும் மறைமலையடிகள் என மாற்றிக்கொண்டார். மராத்தியில் விநாயக தாமோதர சாவர்க்கர் மொழித்தூய்மைக் கிளர்ச்சியை நடத்தினார். ‘மாதவ் ஜூலியன்’ என்னும் புனைபெயர் கொண்ட மாதவராவ் பட்டவர்த்தனரின் மாற்றம் இவற்றுள் வியப்பானது. பெர்குசன் கல்லூரியில் பாரசீகம் கற்பித்தவர் அவர். மராத்தியில் கசல் என்னும் பாவகையைப் பரப்பியவர். அவரே பிற்காலத்தில் தூய்மைக் கொள்கையைத் தழுவி, 1938இல் ‘பாஷாசுத்தி விவேகம்’ என்னும் நூல் எழுதி, தம் பழைய கவிதைகளிலிருந்த பாரசீகச் சொற்களையும் களைந்தார்.

இவ்வியக்கங்கள் தந்த சொற்களுள் எவை நின்றன? நகரத் தலைவரைக் குறிக்கும் ‘மகாபௌர்’, திரைப்பட இயக்குநரைக் குறிக்கும் ‘திக்தர்சக்’, தேதியைக் குறிக்கும் ‘தினாங்க்’ முதலியன சாவர்க்கரின் ஆக்கங்கள் என்பர். இவை மராத்தியில் வேரூன்றின. தொலைபேசிக்கு அமைந்த ‘தூரத்வனி’யோ அலுவலகத் தாள்களில் தங்கிவிட்டது, மக்கள் ‘போன்’ என்றே பேசுகின்றனர். தமிழிலும் அக்கிராசனர் போய்த் தலைவர் வந்தார்; அபேட்சகர் போய் வேட்பாளர் வந்தார்; காரியதரிசி போய்ச் செயலாளர் வந்தார்; நமஸ்காரம் இருந்த மேடைகளில் வணக்கம் ஒலித்தது. எனினும் பேருந்து என்று எழுதும் நாம் ‘பஸ்’ என்றே பேசுகிறோம்.

இவற்றை ஒப்புநோக்கினால் ஓர் ஒழுங்கு புலப்படும். நல்லதொரு சொல்லை ஆக்கி, அவையிலும் ஏட்டிலும் பள்ளியிலும் நாள்தோறும் வழங்கிக் காட்டியபோது மக்கள் அதனை ஏற்றனர். பழைய சொல்லைச் சொன்னவரை இகழ்ந்ததனால் மட்டும் எந்தச் சொல்லும் மறைந்ததாகத் தெரியவில்லை.

ஆங்கிலேயர் பட்ட பாடு

ஆங்கில இலக்கண வழுக்களைக் கேட்டு மனம் நோவோர், அம்மொழியாளர் பட்ட பாட்டையும் அறிதல் நன்று. பழைய ஆங்கிலத்தில் ஒருவரை விளிக்க ‘தௌ’ என்றும் பலரை விளிக்க ‘யூ’ என்றும் சொற்கள் வேறாக இருந்தன. மரியாதை கருதி ஒருவரையே ‘யூ’ என்னும் வழக்கம் பரவியபோது, குவேக்கர் சமயத் தலைவர் ஜார்ஜ் பாக்ஸ் 1660இல் நண்பர் இருவருடன் சேர்ந்து ஒரு நூலையே வெளியிட்டார். பல மொழிகளின் இலக்கணத்தைச் சான்றாக அடுக்கி, ஒருமைக்குப் பன்மை வழங்குவது பேதைமை என்று அதில் வாதிட்டனர். இன்று உலகெங்கும் ‘யூ’ ஒருமைக்கும் வழங்குகிறது. ‘தௌ’ வழிபாட்டிலும் பழங்கவிதையிலும் ஒதுங்கிவிட்டது.

ஜோனதன் சுவிப்ட் என்னும் பேரெழுத்தாளர் ‘மாப்’ என்னும் குறுக்கச்சொல்லை வெறுத்தார். மொழியைத் திருத்தி நிலைப்படுத்த ஓர் அவை வேண்டும் என்று 1712இல் எழுதினார். அவ்வவை அமையவில்லை, ‘மாப்’ வாழ்கிறது. பம்பாய்ச் சிவில் பணியிலிருந்த விட்வொர்த், இந்தியர் எழுதும் ஆங்கிலத்தின் மரபுப் பிழைகளை ஆராய்ந்து 1907இல் ஒரு நூல் வெளியிட்டார். அவருக்குப் பின்னும் இந்தியர் தமக்கு வேண்டிய ஆங்கிலத்தைத் தாமே ஆக்கிக்கொண்டனர். நாளை முன்தள்ளி வைப்பதைக் குறிக்கும் ‘பிரிபோன்’ இன்று ஆக்ஸ்போர்டு அகராதிகளில் இடம்பெற்றுள்ளது. ஒருவரைச் சுட்டும் ‘தே’ அறுநூறு ஆண்டுப் பழமை உடையது. அதனையே அமெரிக்க மெரியம்-வெப்ஸ்டர் அகராதியார் 2019ஆம் ஆண்டின் சொல்லாகத் தேர்ந்தனர்.

தமிழிலக்கணத்தின் பெருந்தன்மை

‘யூ’ பற்றிய இச்சண்டை தமிழர்க்குப் புதிதன்று. ஒருவரைப் பன்மையாற் சுட்டுவது உயர்த்திக் கூறும் வழக்கு என்றும், அது இலக்கண நெறி அன்று என்றும் தொல்காப்பியமே குறித்துள்ளது. வழக்கில் இருப்பதை மறைக்காமல் கூறி, இலக்கணத்தின் நிலையையும் அது விளக்கிவிட்டது. இன்று பெரியவர் ஒருவரை ‘அவர் வந்தார்’ என்று சொல்லாத தமிழன் பண்பற்றவன் எனப்படுவான். பண்டை இலக்கணம் நெறியன்று என்றது, இன்றைய மரியாதையின் அடிப்படையாகிவிட்டது.

நம் இலக்கணத்தார் ‘வழு’ என்றும் ‘வழாநிலை’ என்றும் இரண்டாகப் பகுத்ததோடு நில்லாமல், ‘வழுவமைதி’ என மூன்றாவதொன்றும் கண்டனர். பிழையாயினும் தக்க காரணம் பற்றிப் பொறுத்துக்கொள்ளப்படுவது வழுவமைதி. தன் பசுவை உவகை மிகுதியால் ஒருவன் ‘அம்மை’ என்று உயர்திணையாகச் சொன்னால், அன்பு காரணமாக அதனை ஏற்றுக்கொள்கிறது நன்னூல். பதஞ்சலியும் பசுவைக் காட்டினார்; பவணந்தியார் மரபும் பசுவையே காட்டுகிறது. முன்னது அறத்தின்மேல் வைத்தது, பின்னது அன்பின்மேல் வைத்தது என்க.

மேலும், சிதைந்து வழங்கும் சொற்களுக்கு ‘மரூஉ’ என்று பெயரிட்டு, அவற்றை இயல்பு வழக்கிலேயே நன்னூல் சேர்த்தது. தஞ்சாவூர் தஞ்சை ஆனதும், சோழநாடு சோணாடு ஆனதும் மரூஉ. நாம் வாழும் ஊரின் பெயரும் அத்தகையதே. எட்டாம் நூற்றாண்டு இராட்டிரகூடர் செப்பேடுகளில் ‘புண்ய விஷயம்’, ‘புனக விஷயம்’ என்று காணப்படும் பெயர் புணே ஆயிற்று. ஆங்கிலேயர் வாயில் பூனா ஆயிற்று. 1970களின் இறுதியில் அரசு முறையில் மீண்டும் புணே ஆயிற்று. நம் முதியோர் பலர் இன்னும் பூனா என்றே சொல்கின்றனர். அவர்களை எவரும் நகைப்பதில்லை.

நம் பிள்ளைகள்

பேச்சுமொழியைப் பிழையின் குவியல் என்னாமல் ஆய்வுக்குரிய பொருளாகக் கொள்ளும் நெறிக்கும் இந்நகரமே நாற்றங்கால். 1954 முதல் டெக்கான் கல்லூரியில், ராக்பெல்லர் அறநிறுவனத்தின் துணையுடன், மொழியியற் பயிற்சிப் பள்ளிகள் நடந்தன. எழுத்துத் தமிழ், பேச்சுத் தமிழ் என்னும் இருமையையும் அக்காலத்து மொழியியலார் நடுநிலையோடு ஆராய்ந்தனர். மு. சண்முகம் பிள்ளை அதுபற்றி எழுதிய கட்டுரை 1960இல் வெளியான தெற்காசிய மொழிகள் பற்றிய தொகுதியில் இடம்பெற்றது.

அந்த நடுநிலையோடு நம் பிள்ளைகளின் தமிழைக் காண்போம். மராத்தியில் ளகரம் உண்டு; ஆதலின் இங்கு வளரும் பிள்ளை புளியையும் புலியையும் மயங்காது; ழகரம் ஒன்றே அதற்குப் பயிற்சி வேண்டுவது. கேட்பவரையும் உளப்படுத்தும் ‘நாம்’, அவரை விலக்கும் ‘நாங்கள்’ என்னும் வேறுபாடு ஆங்கிலத்தில் இல்லை, இந்தியிலும் இல்லை. மராத்தியிலோ ‘ஆபண்’ என்றும் ‘ஆம்ஹீ’ என்றும் அது தெளிவாக நிற்கிறது. திராவிட மொழிகளின் தொடர்பால் வந்தது அது என்பது மொழியியலார் பலர் கருத்து. எனவே தெருவில் கற்கும் மராத்தி, வீட்டில் கற்கும் தமிழுக்கு எல்லாவகையிலும் பகையன்று. சிலவகையில் காவலும் ஆகும்.

தஞ்சை மராத்தியரையும் ஈண்டு நினைப்போம். 1803இல் இரண்டாம் சரபோஜி தம் குலவரலாற்றைப் பெரிய கோயிற் சுவரில் மராத்தியில் பொறித்தார். 1855இல் அவர்கள் அரசு முடிந்தது. ஆயினும் அவர்களிற் பலர் வீட்டில் இன்றும் மராத்தி பேசுகின்றனர். தமிழ்ச் சொற்கள் மிகக் கலந்த அம்மொழி புணேக்காரர் செவிக்கு வேறாக ஒலிக்கும். அவர்கள் கலப்பை எண்ணி நாணியிருந்தால் அம்மொழி இந்நாள்வரை வாழ்ந்திராது. இங்கு நாமும் அவர்களைப் போன்றவர்களே, திசைதான் மாறியது.

இதனால் எவ்வழுவையும் திருத்த வேண்டா என்பது நம் கருத்தன்று. விண்ணப்பமும் ஒப்பந்தமும் பாடநூலும் மலர்க்கட்டுரையும் வழுவின்றி அமைதல் வேண்டும். வகுப்பில் ஆசிரியர் திருத்துவது கடமை. ஆயினும் திருத்துவது வேறு, நகைப்பது வேறு. சங்க மேடையில் ஒரு சிறுமி ‘கண்டாளா’ என்று சொன்னதும் அவை சிரிக்குமானால், மறு ஆண்டு அவள் ஆங்கிலத்தில் பேசுவாள். அதற்கு மறு ஆண்டு வரமாட்டாள். ராஸ்தா பேட்டையிலும் கிர்க்கியிலும் கேம்பிலும் தலைமுறை தலைமுறையாகப் பேசப்பட்ட தமிழ், பிழையால் அழியாது. பேசுவோர் இன்மையால் அழியும்.

ஆதலின் நம் சங்கத்துப் பெரியோர்க்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை ‘கண்டாளா’ என்றால், அதன் வாக்கியத்தை முழுவதும் கேளுங்கள். பிறகு, ‘தமிழில் அதைச் சலிப்பு என்றும் அலுப்பு என்றும் சொல்வோம்’ என்று ஒரு சொல்லைக் கையில் கொடுங்கள். அவ்வாறு சொல்லும்போது ‘நாங்கள்’ என்னாமல் ‘நாம்’ என்று சொல்லுங்கள். அவ்வொரு சொல்லிலேயே பிள்ளைக்கு இடம் கிடைத்துவிடும்.